மண்டபத்தில் துண்டு போட்டவர்

"நாப்பத்திரண்டு நாளா?"

அர்ஜுனன் கேட்ட வேகத்தில், கேசரித் தட்டுக்குப் போன சம்பந்தியின் கை பாதியில் நின்றுவிட்டது.

"ஆமாங்க. ஆனி இருவத்தேழு. நல்ல முகூர்த்தம்" என்றார் சம்பந்தி வல்லரசு. செங்கம் பக்கத்தில் விவசாயம் செய்கிறவர். பெயர்தான் வல்லரசு. பேசினால் பக்கத்து நாற்காலிக்குக் கேட்பதே கஷ்டம்.

அவருடைய மகன் செழியனுக்கும் அர்ஜுனனின் மகள் இனியாவுக்கும் வெற்றிலை பாக்கு மாற்றி அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. இருவருக்கும் சென்னையில் வேலை. ஒருவரை ஒருவர் பிடித்திருந்தது. ஜாதகம் பொருந்தியிருந்தது. பொருந்தாதது தேதி ஒன்றுதான்.

"சம்பந்தி, ஒரு கல்யாணம்னா கொறஞ்சது எட்டு மாசம் வேணுங்க. எட்டு மாசம்! நாப்பத்திரண்டு நாள்ல காதுகுத்துகூட நடத்த முடியாது. தையில வச்சிக்கலாம்."

"இல்லீங்க... அந்த ஒரு தேதிதாங்க தோது. ஏன்னா மண்டபம் விஷயமா ஒரு வார்த்தை..."

"மண்டபத்தைப் பத்தி நீங்க வாயே தொறக்கக் கூடாது!" என்றார் அர்ஜுனன். "தேதி உங்க இஷ்டம்னு ஆயிடுச்சு. மிச்சமெல்லாம் என் பொறுப்பு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நீங்க மாலையோட வந்து எறங்கினா போதும்."

"அது இல்லீங்க, எங்க பக்கத்து வழக்கம்..."

"வழக்கமெல்லாம் நான் பாத்துக்கறேன். கேசரி எடுங்க."

வல்லரசு கேசரி எடுத்துக்கொண்டார்.

அர்ஜுனன் கெட்ட மனிதர் இல்லை. இருபத்தாறு வருடமாகத் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். அத்தனை வருடமும் லேட்டாக வந்த டிரைவர்களும் கண்டக்டர்களும் அவரிடம் காரணம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பஞ்சர், ரயில்வே கேட், குறுக்கே வந்த எருமை. ஒரு கட்டத்தில் அவர் காரணம் கேட்பதையே நிறுத்திவிட்டார். "டைமை மட்டும் சொல்லு" என்பார். அது நாளடைவில் வீட்டுக்கும் வந்துவிட்டது. யார் பேசினாலும் முதல் நாலு வார்த்தைக்குமேல் அவர் காதில் ஏறாது.

சம்பந்தி வீட்டார் கிளம்பிப் போனதும் மனைவி தமிழ்செல்வி சொன்னாள்: "அவரு என்னமோ சொல்ல வந்தாருங்க. நீங்க விடவே இல்ல."

"என்னா சொல்லப் போறாரு? ஏசி வேணும், கார் நிறுத்த எடம் வேணும்னு சொல்லப் போறாரு. யோசிச்சுப் பாரு செல்வி, பொண்ணு பாத்து ஒரு வாரம் ஆவல, நாப்பத்திரண்டு நாள்ல கல்யாணமாம். திட்டம்னு ஒண்ணு கெடையாது. நாத்து நடற மாதிரி நெனச்சிட்டாரு."

"நாத்து நடறதுக்கும் திட்டம் வேணுங்க."

"நீ பேசாம இரு."

மறுநாள் காலை ஷிஃப்ட் முடிந்ததும் அர்ஜுனன் நேராகச் செங்கம் ரோட்டுக்குப் போனார். ஆசிரமத்தைத் தாண்டி கொஞ்ச தூரத்தில் பூங்கோதை மஹால். ஊரிலேயே நல்ல மண்டபம். மேடையிலிருந்து பார்த்தால் வாசல் வழியாக மலை தெரியும். மகள் பிறந்த அன்றே அர்ஜுனன் மனதில் நினைத்து வைத்த மண்டபம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அது கட்டியே ஒன்பது வருடம்தான் ஆகிறது.

மேனேஜர் சாந்த் பாஷா ரிஜிஸ்டரைப் புரட்டினார்.

"ஆனி இருவத்தேழு... ஃபுல் சார்."

"யாரு எடுத்திருக்காங்க?"

"பார்ட்டி பேரு சொல்றதில்ல சார். போன வருஷம் ஒருத்தர்கிட்ட சொல்லித் தொலைச்சேன். அவரு நேரா அவங்க வீட்டு வாசல்ல போய் நின்னு கத்திட்டாரு. மொதலாளி என்னைப் புடிச்சு வாங்கிட்டாரு."

"சரி பாய், எப்ப எடுத்தாங்க? அதையாவது சொல்லுங்க."

"போன ஐப்பசியில."

அர்ஜுனன் விரல் விட்டு எண்ணினார். ஐப்பசியிலிருந்து ஆனி. "எட்டு மாசமா?"

"கரெக்டா எட்டு மாசம். அந்த மனுஷன் பிளானிங்கே தனி சார்."

முந்தின நாள் சம்பந்தியிடம் தாம் சொன்ன அதே எட்டு மாதத்தை வேறொருவன் சொல்லாமலே செய்து முடித்திருக்கிறான் என்பது அர்ஜுனனுக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். இல்லை. காதுமடல் சூடேறியது.

"எட்டு மாசத்துக்கு முன்னாடியே வந்து எடத்தைப் புடிச்சு வச்சிக்கிட்டா மத்தவன் பொண்ணு எங்க போவா? நீங்க அவருக்குப் போன் போட்டுக் கேளுங்க. ஒரு பொண்ணோட அப்பா கெஞ்சறாருன்னு சொல்லுங்க."

கெஞ்சுகிற குரலாக அது இல்லை. இருந்தாலும் சாந்த் பாஷா போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தார்.

"பாவம் சார் அந்த ஆளு. விட்டுக் குடுக்கலாம்னு மனசு இருக்குதாம். ஆனா அவருக்கு வாய்ச்ச சம்பந்தி பயங்கரக் கோவக்காரராம். ஒரு வார்த்தை பேச விடமாட்டாராம். இந்த நேரத்துல மண்டபம் இல்லன்னு போய் நின்னா கல்யாணமே நின்னாலும் நின்னுடுமாம்."

அர்ஜுனனுக்கே ஒரு கணம் மனம் இளகியது. "அப்படியும் சில ஜென்மங்க இருக்கத்தான் செய்யுது பாய்" என்றார். "மனுஷன் சொல்றதைக் காது குடுத்துக் கேக்கவே கேக்காதுங்க."

"ஆமா சார்" என்றார் சாந்த் பாஷா.

அடுத்த நாலு நாள் அர்ஜுனன் ஊரிலிருந்த மண்டபங்களை எல்லாம் சுற்றினார். ஆனி கடைசி முகூர்த்தம். அதை விட்டால் ஆடி. ஒரு மண்டபமும் காலி இல்லை. சரி, மண்டபம் கிடக்கட்டும், சமையலையாவது முடித்துவைப்போம் என்று மாஸ்டர் கருப்பனைத் தேடிப் போனார். கருப்பன் கை சாம்பாருக்கு வேலூர் வரை பெயர் உண்டு.

"ஆனி இருவத்தேழா? அன்னைக்கு பூங்கோதை மஹால்ல எனக்கு வேலை இருக்குதே" என்றார் கருப்பன். "ஐப்பசியிலேயே சொல்லி வச்சிருக்காரு."

"அவனா?"

"மெனுவே எழுதிக் குடுத்துட்டாருங்க. வாழை இலை யாரு குடுக்கணும், மோர் எத்தனை மணிக்குக் கலக்கணும், எல்லாம். நல்ல மனுஷன்."

"நல்ல மனுஷனா? மண்டபத்தையும் புடிச்சான், மாஸ்டரையும் புடிச்சானா?"

அங்கிருந்து பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜுக்குப் போனார். வெளியூர் உறவினர்களுக்குப் பத்து ரூம் வேண்டும். லாட்ஜ்காரர் தலையைச் சொறிந்தார். "பூங்கோதை மஹால் பார்ட்டிக்கு மொத்த மாடியும் போயிடுச்சே சார்."

நாதஸ்வரக்காரர் போனிலேயே சொல்லிவிட்டார்: அன்றைக்குப் பூங்கோதை மஹால்.

அன்று வீட்டுக்கு வந்த அர்ஜுனன் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. கூடத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தார்.

"கல்யாணம் பண்றானா, திருவண்ணாமலையையே வாடகைக்கு எடுத்துட்டானா? பஸ்ல ஏறாமலே ஜன்னல் வழியா துண்டு போட்டு எடம் புடிப்பானுங்க பாரு, அந்த ஜாதி இவன்! இருவத்தாறு வருஷமா அந்தத் துண்டுங்களைப் புடுங்கி வெளிய வீசினவன் நான். என்கிட்டயேவா?"

"ஏங்க, எட்டு மாசம் வேணும்னு நீங்கதானே சொன்னீங்க? அவரு அதைத்தானே செஞ்சிருக்காரு?"

"நான் சொன்னேன். அவன்கிட்டயா சொன்னேன்?"

தமிழ்செல்வி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "பேசாம சம்பந்தியைக் கேளுங்க. செங்கம் பக்கத்துல அவருக்குத் தெரிஞ்ச மண்டபம் எதனா இருக்கும்."

"செத்தாலும் கேக்கமாட்டேன். எல்லாம் என் பொறுப்புன்னு சொல்லிட்டு, இப்ப போய் மண்டபம் கெடைக்கலன்னு நிக்கறதா? அந்த மனுஷன் வெறுங்கையோட தேதி மட்டும் குறிச்சவரு. அவரு முன்னாடி நான் தலை குனியணுமா?"

அந்த வெறுங்கை மனுஷர் அதே வாரத்தில் மூன்று முறை போன் செய்தார்.

"சம்பந்தி, வணக்கங்க. மண்டபம் பத்தி..."

"அதெல்லாம் அருமையா போயிட்டு இருக்குது சம்பந்தி! நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. ஆரணி வண்டி வந்துடுச்சு, வச்சிடறேன்."

மூன்று முறையும் ஆரணி வண்டிதான் வந்தது.

கடைசியில் வேங்கிக்காலில் ஒரு மண்டபம் கிடைத்தது. கிடைத்தது என்பதைவிட, கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது சரி. முகப்பில் 'திருமண' என்று மட்டும் எழுதியிருந்தது. 'மண்டபம்' இன்னும் எழுதவில்லை. உள்ளே போய்ப் பார்த்த அர்ஜுனனுக்கு அதுதான் நியாயம் என்று பட்டது.

"இருபது நாள்ல முடிச்சிடுவோம் சார்" என்றார் அதன் சொந்தக்காரர் பாலாஜி. "உங்க பொண்ணு கல்யாணம்தான் மொத கல்யாணம். ராசியான கை."

"மாடிக்குப் படி எங்கப்பா?"

"வரும் சார்."

"சாப்பாட்டு ஹால் மாடியிலதானே? படி வரலன்னா?"

"ஏணி இருக்குது சார்."

வேறு வழியில்லாமல் அர்ஜுனன் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்ட பிறகு சும்மா இருக்க அவரால் முடியுமா? தினமும் ஷிஃப்ட் முடிந்ததும் வேங்கிக்கால் போய்க் கொத்தனார்கள் தலைமேல் நின்றார். எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை மணிக்கு டீ குடிக்கப் போனார்கள் என்று ஒரு நோட்டில் குறித்தார். நாலாவது நாள் கொத்தனார்கள் வேலையே வேண்டாம் என்று போய்விட்டார்கள். பாலாஜி ஓடிப்போய் வேறு ஆட்களைக் கூட்டி வந்தார். அவர்கள் முந்தின ஆட்கள் கட்டிய படியைப் பார்த்துவிட்டு, உயரம் சரியில்லை என்று இடித்தார்கள்.

சமையலுக்குக் கருப்பனுக்குப் பதிலாக, கிரிவலப் பாதையில் அன்னதானம் சமைக்கும் சுப்பனைப் பிடித்தார். சுப்பன் நல்ல சமையல்காரர். ஒரே ஒரு குறைதான்.

"எத்தனை பேருங்க?"

"அறுநூறு."

சுப்பன் கவலையாகிவிட்டார். "ஐயாயிரத்துக்குக் கம்மியா நான் ஆக்கினதே இல்லீங்களே. அறுநூறுன்னா எனக்கு உப்பு புடிபடாதுங்க. இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி பேரைக் கூப்பிட முடியுமா?"

சென்னையிலிருந்து இனியா போனில் பேசினாள். மண்டபம் தயார் என்று அர்ஜுனன் குரலை உயர்த்திச் சொன்னார்.

"தெரியும்ப்பா. செழியன் போட்டோ அனுப்பினாரு. சூப்பரா இருக்கு! மேடையில நின்னா மலை தெரியுமாமே?"

வேங்கிக்கால் மண்டபத்தில் மேடையில் நின்றால் ஜல்லிக் குவியல் தெரியும். அதற்கு அந்தப் பக்கம் மலையும் தெரியலாம், ஜல்லியை எடுத்தால். இதைப் போய் சூப்பர் என்கிறாளே என்று அர்ஜுனன் வியந்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதைக் காட்டினாலும் சூப்பர்தான்.

"அப்பா, இன்னொண்ணு. செழியன் அப்பா உங்ககிட்ட என்னமோ பேசணும்னு..."

"கல்யாணப் பொண்ணு இதுக்கெல்லாம் மண்டையை ஒடைச்சிக்கக் கூடாது. உடம்பைப் பாத்துக்கம்மா. வச்சிடறேன்."

இன்னும் இருபது நாள் என்ற நிலையில் ஒரு நாள் மதியம், வேங்கிக்கால் மண்டபத்துச் சாப்பாட்டு ஹாலின் ஒரு பக்கச் சுவர் மழையில் சாய்ந்தது. யாருக்கும் அடி படவில்லை. பாலாஜி வந்து பார்த்துவிட்டு, "காத்தோட்டமா இருக்கும் சார்" என்றார்.

அர்ஜுனன் வீட்டுக்கு வந்தார். மகள் ஏணியில் ஏறி விருந்துக்குப் போகும் காட்சி கண்ணில் வந்தது. பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளை கீழே ஏணியைப் பிடிக்க, அவள் ஏறுகிறாள். அடுத்த நிமிடம் கோபம் வந்தது. இத்தனைக்கும் காரணம் யார்? அந்தப் பூங்கோதை மஹால்காரன்.

ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

'முகம் தெரியாத ஐயா அவர்களுக்கு,

எட்டு மாதத்துக்கு முன்பே மண்டபத்தையும், சமையல்காரரையும், நாதஸ்வரத்தையும், லாட்ஜையும் பிடித்து வைத்துக்கொண்ட தங்கள் சாமர்த்தியத்தைக் கண்டு வெட்கப்படுகிறேன். தாங்கள் வெட்கப்படாததால் நான் படுகிறேன். ஊரில் தாங்கள் ஒருவர்தான் பிள்ளை பெற்றவரா? பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பவனாவது ஒரு சீட்டோடு நிற்பான். தாங்கள் டிரைவர் சீட்டையும் விடவில்லை. எனக்கு வாய்த்த சம்பந்தி முன்யோசனை என்பதே இல்லாத மனிதர். நாற்பத்திரண்டு நாளில் கல்யாணம் என்று தலையில் கல்லைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அவருக்கும் தங்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு என் மகள் ஏணியில் ஏறிச் சாப்பிடப் போகிறாள். தங்களுக்கும் மனசாட்சி இருந்தால் யோசியுங்கள்.

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்ற ஒரு தகப்பன்.'

பெயர் போடவில்லை. கௌரவம் தடுத்தது. உறையில் போட்டு ஒட்டிக் கொண்டுபோய்ச் சாந்த் பாஷாவிடம் கொடுத்தார். "அந்த ஆள்கிட்ட குடுங்க. படிச்சுக்கூடப் பாக்காம கிழிச்சுப் போடட்டும். எனக்கு மனசு ஆறினா போதும்."

இரண்டாம் நாள் சாந்த் பாஷா போன் செய்தார். குரல் தழுதழுத்தது.

"சார், மண்டபம் உங்களுக்குத்தான்."

"என்னாது?"

"லெட்டரைப் படிச்சிட்டு அந்த மனுஷன் கண்ணு கலங்கிட்டாரு சார். 'இவரும் என்னை மாதிரியே ஒரு சம்பந்திகிட்ட மாட்டிக்கிட்டு இருக்காரு போல. அந்தப் பொண்ணு ஏணியில ஏற வேணாம். நான் வேற எடம் பாத்துக்கறேன்'னு சொல்லிட்டுப் போயிட்டாரு. மாஸ்டர் கருப்பனையும் உங்களுக்கே விட்டுட்டாரு."

அர்ஜுனன் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி கையைத் தட்டினார். உடனே பாலாஜிக்குப் போன் செய்து வேங்கிக்கால் மண்டபம் வேண்டாம் என்று சொன்னார். சுப்பனுக்கும் சொன்னார், சுப்பன் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். அச்சகத்துக்கு ஓடி, அடித்து வைத்த பத்திரிகைகளில் மண்டபத்தின் பெயரை மாற்றச் சொன்னார்.

"பாத்தியா செல்வி? கேக்கிற விதமா கேட்டா கெடைக்கும். கோவம் இருக்கிற எடத்துலதான் காரியம் நடக்கும்."

"அந்த மனுஷன் இப்ப எங்க போவாரோ, பாவம்."

"எங்கயாவது போவட்டும். திட்டம் போடறவன்தானே? போடட்டும்."

அதற்கடுத்த இரண்டு நாளும் வல்லரசு போன் செய்தபடி இருந்தார். அர்ஜுனன் எடுக்கவில்லை. பத்திரிகை கையில் வந்ததும் நேரில் போய் அசத்துவதாகத் திட்டம். ஆனால் கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கையில், ஒரு காலை, வல்லரசே வீட்டு வாசலில் வந்து நின்றார். சட்டையெல்லாம் சிமெண்ட் தூசி. கையில் ஒரு பை.

தமிழ்செல்வி உள்ளே அழைத்து உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை.

"சம்பந்தி, நீங்க கோவிச்சிக்கக் கூடாது. இன்னைக்கு நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் ஒரு நிமிஷம் பொறுத்துக்கணும். கெஞ்சிக் கேக்கறேன்" என்றார். "மண்டபம் மாறிப்போச்சுங்க."

"எந்த மண்டபம்?"

"நம்ம பசங்க கல்யாணத்துக்குப் புடிச்ச மண்டபம். அதை விடும்படி ஆயிடுச்சு. மூணு நாளா அலைஞ்சு வேற ஒண்ணு புடிச்சிருக்கேன். வேங்கிக்கால்ல, புதுசு. அங்க எடுத்திருந்த பார்ட்டி திடீர்னு வேணாம்னு சொல்லிட்டாங்களாம். சுவரு மட்டும் ஒரு பக்கம் இல்ல. நானே ஆள் வச்சு எழுப்பிட்டு இருக்கேன். பத்திரிகைகூட மாத்தி அடிச்சாச்சு."

பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்து நீட்டினார். 'வேங்கிக்கால்' என்று பெரிய எழுத்தில் இருந்தது.

அர்ஜுனன் பத்திரிகையைப் பார்த்தார். சம்பந்தியைப் பார்த்தார். மறுபடி பத்திரிகையைப் பார்த்தார்.

"நீங்க... நீங்க எதுக்கு மண்டபம் புடிச்சீங்க?"

"எங்க பக்கத்துல மாப்பிள்ளை வீட்டுலதானேங்க கல்யாணம் எடுத்து நடத்துவாங்க. அன்னைக்கே சொல்ல வந்தேன். நீங்க கேசரி எடுங்கன்னு சொல்லிட்டீங்க."

"மொத மண்டபத்தை ஏன் விட்டீங்க?" என்று கேட்டாள் தமிழ்செல்வி. அவள் முகத்தில் ஏதோ புரிய ஆரம்பித்திருந்தது.

வல்லரசு சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். "யாரோ பொண்ணைப் பெத்தவருங்க. எழுதியிருந்ததைப் படிச்சதும் மனசு கேக்கல. நீங்களே படிச்சுப் பாருங்கம்மா."

தமிழ்செல்வி தாளை வாங்கினாள். முதல் வரியிலேயே கணவரின் கையெழுத்து தெரிந்தது. முன்யோசனை இல்லாத சம்பந்தி என்ற இடம் வந்ததும் முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்த வல்லரசு, "எனக்கும் அப்படித்தாம்மா இருந்துச்சு" என்றார்.

அர்ஜுனன் ஒருவர் சொன்னதைக் கடைசி வார்த்தை வரை கேட்டிருந்தார். இருபத்தாறு வருடத்தில் முதல் முறை.

ஒரு மணி நேரம் கழித்து மூவரும் பூங்கோதை மஹாலில் இருந்தார்கள். நடந்ததைக் கேட்ட சாந்த் பாஷா ரிஜிஸ்டரை மூடிவைத்துவிட்டு, மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்தபடி, "ரெண்டு பார்ட்டியும் ஒரே பார்ட்டி! நீங்க உங்ககிட்டயே சண்டை போட்டு உங்க மண்டபத்தை நீங்களே புடுங்கியிருக்கீங்க சார்" என்றார். மண்டபம் பூங்கோதை மஹால், சமையல் கருப்பன், கல்யாணம் ஆனி இருபத்தேழு என்று எல்லாம் ஒரே பக்கத்தில் எழுதியாயிற்று. டீ சொல்லிவிட்டு வருவதாக அவர் எழுந்து போனார்.

வாசலுக்கு நேரே மலை தெரிந்தது. தமிழ்செல்வி மேடையைப் பார்க்கப் போனாள். யார் வந்து புக் செய்தாலும் பேச்சைக் கேட்டுக்கொண்டே மண்டபத்தைப் பெருக்கும் ராணியம்மாள் நாற்காலிகளை நகர்த்திக்கொண்டிருந்தாள். வல்லரசு நிம்மதியாக உட்கார்ந்து முதல் முறையாகச் சிரித்தார்.

அர்ஜுனன் சிரிக்கவில்லை. அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். டைம் கீப்பரின் பழக்கம், விடவில்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி...

எண்ணி முடித்து மெதுவாக எழுந்தார். காதுமடல் சிவந்திருந்தது.

"சம்பந்தி, நீங்க எங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தது எப்ப?"

"வைகாசியிலங்க."

"இந்த மண்டபம் எடுத்தது?"

"ஐப்பசியில..."

"ஐப்பசியில என் பொண்ணு இருக்காளான்னே உங்களுக்குத் தெரியாது!" குரல் கூரையில் போய் இடித்தது. மேடையிலிருந்து தமிழ்செல்வி திரும்பிப் பார்த்தாள். "அப்ப தேதி குறிச்சது, மெனு எழுதினது, நாதஸ்வரம் சொன்னது எல்லாம் யாருக்கு? அந்தப் பொண்ணு யாரு? அந்தச் சம்பந்தம் ஏன் நின்னுது? எவளுக்கோ போட்ட பந்தல்ல என் பொண்ணைக் கொண்டுவந்து உட்கார வைக்கப் பாத்தீங்களா? அதான் அந்த ஒரே தேதின்னு ஒத்தக் கால்ல நின்னீங்களா?"

"ஐயோ, அது வந்துங்க..."

"காரணமே சொல்லாதீங்க! எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். எங்ககிட்ட மறைச்சிட்டு இன்னொரு பொண்ணைப் பேசி முடிச்சீங்களா இல்லையா? பேரைச் சொல்லுங்க. இல்லன்னா இந்தக் கல்யாணம் இங்கயே நின்னுது!"

வல்லரசு பதறி எழுந்தார். தமிழ்செல்வி மேடையிலிருந்து ஓடிவந்து கணவரின் கையைப் பிடித்தாள். அவர் உதறினார். அவருடைய கண்ணில் கோபத்தோடு நீரும் சேர்ந்து நின்றது. மகள் யாரோ ஒருத்திக்குப் பதிலாகப் போகிறாள் என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

ராணியம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இன்னா சார் நீ, அவர்கிட்ட போய் கத்திக்கினு கீற? இந்த ஊர்ல பொண்ணு எப்ப வேணா கெடைக்கும், மண்டபம்தான் கெடைக்காதுன்னு சொல்லி மொதல்ல மண்டபத்தைப் புடிச்சிட்டு, அதுக்கப்புறம்தான் அவரு பையனுக்குப் பொண்ணே தேட ஆரம்பிச்சாரு!"